மண்புழு இல்லாத தூண்டில்: சிங்கப்பூரில் லூர் வீசத் தொடங்குவோருக்கு

ஊரில் வாய்க்கால் கரையிலேயே வளர்ந்த தம்பி ஒருவன், இங்கே வேலைக்கு வந்த புதிதில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, இங்க மண்புழு எங்க கிடைக்கும்?" நரம்பு, தக்கை, முள் எல்லாம் ஊரிலிருந்தே பெட்டியில் கொண்டு வந்திருந்தான். தவளையைக் கோத்து விரால் பிடித்துப் பழகிய கை. அவனுக்கு நான் சொன்ன முதல் விஷயத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் மண்புழு, இறால், தவளை என்று உயிருள்ள எதையும் முள்ளில் கோக்கக் கூடாது. லூர் எனப்படும் செயற்கை இரை மட்டும்தான். அது நாம் குடிக்கிற தண்ணீர். பொதுப் பயனீட்டுக் கழகம் இதில் கண்டிப்பாக இருக்கிறது.

அவன் முகம் வாடிவிட்டது. "பிளாஸ்டிக்கப் போய் மீன் திங்குமாண்ணே?" என்றான். தின்னாது. ஆனால் தப்பித்து ஓடுகிற எதையும் துரத்திக் கடிக்கும். மண்புழு முள்ளில் தானாக நெளியும். நாம் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். லூர் நெளியாது. அதற்கு உயிர் நம் மணிக்கட்டிலிருந்துதான் வரவேண்டும். இந்த வித்தியாசம் கைக்குப் பிடிபட்டுவிட்டால் மற்றதையெல்லாம் கடையில் வாங்கிக்கொள்ளலாம். புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன். பெட்டி நிறைய லூர் வாங்குகிறார்கள், ஒன்றையும் ஓட்டிப் பழகுவதில்லை. இரண்டே மாதத்தில் ராடு, அதாவது தூண்டில் கோல், சாமான் அறைக்குள் போய்விடுகிறது.

எங்கே நிற்பது

பொழுதுபோக்காக மீன் பிடிக்க இங்கே உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான் நிற்க வேண்டும். ஒரே நீர்த்தேக்கத்தில்கூட ஒரு கரையில் பிடிக்கலாம், எதிர்க்கரையில் பிடிக்கக் கூடாது. அறிவிப்புப் பலகையைத் தேடிப் படித்துவிட்டு அப்புறம் ராடை வெளியே எடுங்கள். தடை உள்ள இடத்தில் பிடித்தாலும், உயிர் இரை போட்டாலும் 3,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

தொடங்குவதற்கு நான் சொல்லும் இடம் லோயர் சிலேத்தார். சிலேத்தார் ஆற்றின் முகத்துவாரத்தை அடைத்து 1986இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது. காதிப் எம்ஆர்டியில் இறங்கி நடந்தே போய்விடலாம். கரை திறந்தவெளியாக இருப்பதால் வீசிப் பழகும்போது லூர் மரத்தில் மாட்டுவது குறைவு. கிழக்கில் இருப்பவர்களுக்கு பிடோக். ஒரு காலத்தில் மணல் தோண்டிய பள்ளம் அது, அதனால் பல இடங்களில் கரையை ஒட்டியே ஆழம் இறங்கிவிடும். அங்கே நடுத்தண்ணீரைக் குறிவைத்து வீசுவதைவிடக் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் வீசுவது பலன் தரும். மெக்ரிட்சி 1868இல் கட்டிய, இந்த ஊரின் மிகப் பழைய நீர்த்தேக்கம். அழகான இடம்தான், ஆனால் குறிப்பிட்ட பகுதியில் மட்டும்தான் பிடிக்கலாம். குரங்குகள் இருக்கின்றன, பையைத் திறந்து வைக்காதீர்கள். கிராஞ்சி கொஞ்சம் பழகியபின் போக வேண்டிய இடம். பாசியும் செடியும் அடர்ந்த பக்கங்கள் உண்டு, தொடக்கத்திலேயே போனால் லூர்களைப் பறிகொடுத்துவிட்டுத்தான் திரும்புவீர்கள்.

எந்த மீனுக்கு

நாம் தேடிப் போவது முக்கியமாகப் பீக்காக் பாஸ். பெயரில் பாஸ் இருந்தாலும் அது பாஸ் இனமே இல்லை. நம் ஊரில் ஜிலேபி என்று சொல்கிறோமே, அந்தத் திலேப்பியாவின் குடும்பம். (உண்மையில் பாஸ் என்ற பெயரோடு நமக்கு நெருக்கமானது கொடுவாதான். ஆங்கிலத்தில் அதை ஆசியக் கடல் பாஸ் என்கிறார்கள்.) பீக்காக் பாஸின் சொந்த ஊர் தென் அமெரிக்காவில் அமேசான், ஒரினோகோ ஆறுகள். மனிதர்கள் கொண்டு வந்து விட்டதால் இங்கே பெருகியது. பொன் மஞ்சள் உடம்பு, அதில் கறுப்புப் பட்டைகள், வால் அடியில் மயிற்கண் போல ஒரு வட்டம். முதல் மீன் கைக்கு வரும்போது அந்தக் கண்ணைக் கிட்டத்தில் பாருங்கள். கறுப்பு வட்டத்தைச் சுற்றி மெல்லிய தங்க வளையம், வெயில் பட்டால் பளிச்சென்று மின்னும். தண்ணீரை விட்டு வெளியே வந்த சில நொடிகளிலேயே அந்த மினுக்கு மங்கத் தொடங்குவது போல எனக்குத் தோன்றும்.

இது கண்ணால் வேட்டையாடும் பகல் மீன். இருட்டில் வீசிக்கொண்டிருப்பது வீண். இங்கே ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது; அப்போதிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம், சாயங்காலம் ஐந்திலிருந்து வெளிச்சம் மங்கும் வரை மறுபடி நல்ல நேரம். பாலத் தூண், சரிந்து கிடக்கும் மரம், பாறை ஓரம், மழைநீர் வந்து விழும் வாய் என எங்கே நிழலும் மறைவும் இருக்கிறதோ அங்கேதான் நிற்கும்.

அடுத்தது தோமான். விராலின் சொந்தக்காரன், உருவத்தில் மிகப் பெரியவன். கூரான பல் உண்டு, சாதாரண நரம்பைக் கத்தரித்துவிடும். இதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வாங்குவது

ஆறு அல்லது ஆறரை அடி ஸ்பின்னிங் ராடு. இரண்டு துண்டாகப் பிரிவதாக இருக்கட்டும், பேருந்திலும் எம்ஆர்டியிலும் தொந்தரவில்லை. ராடின் அடிப்பகுதியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: நரம்பு 6 முதல் 12 பவுண்டு, லூர் 5 முதல் 15 கிராம் என்ற அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் 2000 அல்லது 2500 எண். இரண்டும் சேர்த்து நூறு வெள்ளிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். நான் தொடங்கிய காலத்தில் கடைக்காரர் ஒருவர், கடலில் பெரிய மீன் இழுக்கிற தடித்த ராடு ஒன்றை என் தலையில் கட்டினார். ஐந்து கிராம் லூரை அதில் வைத்து வீசினால் பத்து மீட்டர்கூடப் போகாது. ஒரு வருடம் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லூர் எடைக்கு ராடு வளைந்தால்தான் வீச்சே பிறக்கும். இதைக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நரம்பு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ரீலில் சுற்றுவது பின்னல் நரம்பு, பிஇ என்று சொல்வார்கள். ஒன்று அல்லது ஒன்றரை எண் போதும். மெல்லியது, ஆனால் வலுவானது. நீளாது, அதனால் அந்த முனையில் மீன் முட்டினால் இந்த முனையில் விரலுக்குத் தெரியும். ஆனால் வழுவழுப்பு அதிகம், வெறும் ரீலில் கட்டினால் மொத்தமாகச் சுழன்று நழுவும். அதனால் அடியில் பத்துச் சுற்று சாதாரண நைலான் நரம்பைச் சுற்றிவிட்டு அதன் மேல் கட்டுங்கள். விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள். வழிய வழியச் சுற்றினால் முதல் வீச்சிலேயே நரம்பு குருவிக்கூடாகிவிடும்.

பின்னல் நரம்பின் முனையில் லீடர், அதாவது இரண்டு மூன்றடி ஃபுளோரோகார்பன் நரம்பு, 16 அல்லது 20 பவுண்டு. பாறையில் உரசினால் பின்னல் நரம்பு சட்டென்று அறும், இது தாங்கும். தண்ணீரில் அவ்வளவாகக் கண்ணுக்கும் தெரியாது. அப்புறம் நீண்ட மூக்குக் குறடு, சின்னக் கத்தரி, தொப்பி, போலராய்டு கண்ணாடி. கண்ணாடி அழகுக்கு இல்லை. தண்ணீரின் மேல்மினுக்கை வெட்டி மீனைக் காட்டும். அதைவிட முக்கியமாக, பறந்து வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காக்கும்.

ஒரே ஒரு முடிச்சு

முதல் மாதத்துக்கு யூனி முடிச்சு ஒன்று போதும். நரம்பை லூரின் வளையத்துக்குள் விட்டு அரை அடி வெளியே இழுங்கள். அந்த முனையைத் தாய் நரம்போடு சேர்த்துப் பிடித்து, மடக்கி ஒரு வட்டம் வையுங்கள். முனையை அந்த வட்டத்துக்குள் நுழைத்து, இரண்டு நரம்பையும் சேர்த்து ஐந்து முறை சுற்றுங்கள். இப்போது எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இழுத்து இறுக்குங்கள். எச்சிலை விட்டுவிடாதீர்கள். காய்ந்த நரம்பு இறுகும்போது உரசிச் சூடாகும், முடிச்சு அந்த இடத்திலேயே வலு இழந்துவிடும். இரண்டு யூனி முடிச்சை எதிரெதிராகப் போட்டால் பின்னல் நரம்பையும் லீடரையும் இணைத்துவிடலாம். எஃப்ஜி என்ற இன்னொரு முடிச்சு இன்னும் மெலிதாக ராடின் வளையங்களில் ஓடும், அதை வீட்டில் நாற்காலிக் காலில் கட்டிப் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று லூர்

மூன்றே மூன்று வாங்குங்கள். ஒன்று, ஐந்திலிருந்து ஏழு கிராம் எடையில் ஸ்பூன், கரண்டித் தலை போல வளைந்த உலோகத் தகடு. விலை குறைவு, தூரம் போகும், ராடைப் பிடிக்கத் தெரிந்தாலே ஆடிக்கொண்டு வரும். இரண்டு, ஐந்து ஆறு சென்டிமீட்டர் மின்னோ. குஞ்சு மீன் வடிவம், முகவாயில் சின்னத் தகடு இருக்கும், இழுத்தால் தலையைக் குனிந்து நீந்தும். மூன்று, மூன்றரை கிராம் ஈயத் தலை வைத்த முள்ளில் கோக்கிற மெத்து ரப்பர் மீன். வால் துடுப்பு மாதிரி இருக்கும், ஆடும்.

நிறத்தைப் பற்றி கடையில் அரை மணி நேரம் பேசுவார்கள். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி, கலங்கலுக்கு மஞ்சளோ ஆரஞ்சோ, அவ்வளவு போதும். மேல்தண்ணீரில் 'பளக் பளக்' என்று நீர் தெறிக்க வரும் பாப்பர் ஆசை எல்லாருக்கும் வரும். எனக்கும் அதுதான் உயிர். ஆனால் அது நான்காவது லூர்.

மூன்று முள் சேர்ந்த கொக்கியோடு வரும் லூர்களில் முதல் வேலையாக, முள் நழுவாமல் இருக்க முனைக்குப் பின்னால் நீட்டியிருக்கும் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். முடிந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். ஒரு ஞாயிறு மாலை, மீன் வாயிலிருந்து மின்னோவைக் கழற்றும்போது மீன் துள்ளியது. ஒரு முள் அதன் வாயில், இன்னொரு முள் என் உள்ளங்கையில், எதிர்க்கூர் தாண்டி உள்ளே. மீன் துள்ளத் துள்ள என் கையும் துள்ளியது. மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு அறுத்துத்தான் எடுத்தார். எதிர்க்கூர் நசுக்கியிருந்தால் நானே பின்வாக்கில் இழுத்து எடுத்திருக்கலாம். உங்களுக்கு அப்படி ஆகிவிட்டால் பிடுங்காதீர்கள், நரம்பை வெட்டிவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

வீசுவது

லூர் ராடு முனையிலிருந்து ஓரடி தொங்கட்டும். ஆள்காட்டி விரலால் நரம்பைத் தூக்கி ராடோடு பிடித்துக்கொண்டு ரீலின் கம்பி வளையத்தைத் திறங்கள். இப்போது திரும்பிப் பின்னால் பாருங்கள். ஒவ்வொரு முறையும். நம் நீர்த்தேக்கக் கரைகள் நமக்கு மட்டும் இல்லை. ஓடுகிறவர்கள், சைக்கிள் பிள்ளைகள், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளும் அம்மாக்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால்தான் போகிறார்கள். ஆள் வந்தால் ராடை இறக்கி, அவர்கள் போன பிறகு வீசுங்கள்.

ராடைத் தோளுக்குமேல் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய், முன்னால் சொடுக்குங்கள். ராடு கண்ணுக்கு நேரே வருவதற்குச் சற்று முன் விரலை விடுங்கள். சீக்கிரம் விட்டால் லூர் வானத்துக்குப் போகும், தாமதித்தால் காலடியில் விழும். லூர் விழுந்ததும் கம்பி வளையத்தைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடாதீர்கள். தொங்கும் நரம்பை ஒருமுறை இழுத்து நேராக்கிவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். நரம்புச் சிக்கலில் பாதி இந்த ஒரு பழக்கத்தால் போய்விடும்.

உயிர் கொடுப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்கச் சொல்வேன். முதல் நாள் மீனை மறந்துவிடுங்கள். தெளிந்த தண்ணீர் பார்த்து நின்று, மின்னோவை நாலு மீட்டர் தூரத்தில் போட்டு, கண்ணெதிரே இழுத்துப் பாருங்கள். ஒரே வேகத்தில் சுற்றினால் சலிப்பாக வரும். ராடு முனையைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி மணிக்கட்டால் இரண்டு வெட்டு வெட்டி நிறுத்துங்கள். தட், தட், நிறுத்து. இரண்டாம் வெட்டில் லூர் பக்கவாட்டில் சரிந்து வயிறு மின்னும், அடிபட்ட குஞ்சு மாதிரி ஒரு கணம் அப்படியே தொங்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இவ்வளவும். என் மீன்களில் பெரும்பாலானவை அந்த நிறுத்தத்தில் கடித்தவை.

ஸ்பூனை விழவிட்டு, மனத்தில் மூன்று எண்ணி, பிறகு சுற்றுங்கள். கடி இல்லையென்றால் அடுத்த வீச்சில் ஐந்து, அதற்கடுத்து எட்டு. மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று எண்ணிக்கை சொல்லிவிடும். ரப்பர் மீனை அடிவரை இறக்கி, ராடை மெல்லத் தூக்கி, மறுபடி இறங்க விடுங்கள். கடி பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும், நரம்பு திடீரென்று தொய்ந்துபோகும்.

பீக்காக் பாஸுக்கு ஒரு தனிக் குணம். சில சமயம் லூருக்குப் பின்னாலேயே வரும், கடிக்காது. அதைப் பார்த்ததும் நம் கை தானாக வேகத்தைக் குறைக்கும். குறைக்கவே கூடாது. இன்னும் வேகமாகச் சுற்றுங்கள். தப்பித்து ஓடும் குஞ்சு துரத்துகிறவனைக் கண்டு நிற்குமா? வேகம் கூடியதும் அதன் வெறியும் கூடும். காலடிவரை வந்து திரும்பிப் போய்விட்டால், உடனே ரப்பர் மீனை அதே இடத்தில் போடுங்கள்.

கடித்த பிறகு

ரீலின் பிடிமானத்தை, டிராக் என்பதை, வீட்டிலேயே சரிசெய்துவிடுங்கள். கையால் நரம்பை இழுத்தால் தயக்கத்தோடு வர வேண்டும். நரம்பின் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்கினால் முதல் பாய்ச்சலில் அறுந்துவிடும். மீன் இழுக்கும்போது சுற்றாதீர்கள், ராடை வளைத்துப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அது களைத்து நிற்கும்போது சுற்றுங்கள். மரமோ தூணோ பக்கத்தில் இருந்தால் மட்டும் ஆரம்பத்திலேயே அழுத்திப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும்.

மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள். காய்ந்த கை அதன் உடம்பின் வழுவழுப்பை உரித்துவிடும், நோய் பிடிக்கும். கீழ்வாயைக் கட்டைவிரலால் பிடித்து, வயிற்றடியில் மறுகையைக் கொடுத்துக் கிடைமட்டமாகத் தூக்குங்கள். படம் எடுப்பவர் தயாரான பிறகுதான் மீன் தண்ணீரை விட்டு வெளியே வரவேண்டும். வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோய் விடவே விடாதீர்கள். வீட்டுத் தொட்டி மீனுக்கும் இதுதான் விதி. வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் விடுவது குற்றம்.

இரண்டு பெரிய மீன்கள் சேர்ந்து ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் அவை முட்டையோ குஞ்சோ காக்கின்றன. அங்கே எது போட்டாலும் கடிக்கும், பசியால் அல்ல. ஒருமுறை கிராஞ்சியில் நல்ல வெயிலில் ஓர் இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலத் தண்ணீர் துடித்துக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் தோமான் குஞ்சுகள், செம்மஞ்சள் கோடாக நூற்றுக்கணக்கில், மூச்சு வாங்க மேலே வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. அடியில் கறுப்பாக, என் கையைவிட நீளமாக, தாயோ தகப்பனோ மெதுவாகத் திரும்பியது. தவளை லூர் கையில்தான் இருந்தது. அது போய்விட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடும். கரையில் உட்கார்ந்து, அந்தத் தூறல் செடிப் பக்கம் நகர்ந்து மறையும் வரை பார்த்துவிட்டு வந்தேன். மீன் பிடிக்காத நாள்களில் அதுபோல இன்னொன்று எனக்கு இல்லை.

இடி கேட்டால் அப்போதே ராடைக் கீழே வையுங்கள். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும், திறந்த கரையில் அதை உயர்த்திப் பிடித்து நிற்பதைவிட ஆபத்து வேறில்லை. அறுந்த நரம்பை ஒரு முழம்கூட விட்டுவிட்டு வராதீர்கள். நீர்நாய்க் குட்டியின் கழுத்திலும் பறவைக் காலிலும் அதுதான் சுற்றுகிறது. நான் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

அந்தத் தம்பிக்கு நாலு சனிக்கிழமை ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்தாவது சனிக்கிழமை, லோயர் சிலேத்தாரில் எட்டு மணி இருக்கும். தூண் ஓரமாக மின்னோவைப் போட்டு, தட், தட், நிறுத்து என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இழுத்தான். நிறுத்தியபோது தண்ணீர் வெடித்தது. ராடு வளைந்ததும் அவன் கத்தியது ஊர்ப் பாஷையில், பக்கத்தில் நின்ற சீனத் தாத்தா தன் நரம்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு வழிவிட்டார். முப்பது சென்டிமீட்டர் இருக்கும். கரைக்கு வரும்போது அதே அளவில் இன்னொன்று பக்கத்திலேயே கூட வந்தது. தம்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். படம்கூட எடுக்கவில்லை, குனிந்து தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றிவிட்டான். இரண்டும் சேர்ந்து தூண் நிழலுக்குப் போயின.

பிறகு லீடரை விரல்நுனியால் தடவிப் பார்த்தான். சொரசொரப்பாக இருந்த ஓரடியை வெட்டினான், எச்சில் தொட்டு யூனி முடிச்சை மறுபடி போட்டான், திரும்பிப் பின்னால் பார்த்தான், வீசினான்.